பாராமகால் யுத்தங்கள் – 9: சக்கிமுக்கிக் கல்லும் தவறிய குறியும்

சென்ற பகுதியில், 1768ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐதர் அலியின் முற்றுகையிலிருந்து ஓசூரை மீட்கப் புறப்பட்ட கர்னல் வுட் தம்முடைய பெரிய பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூரை நோக்கி விரைந்ததையும், அவர் அப்பால் சென்ற மாத்திரத்தில் ஐதர் சுற்றிவளைத்து வந்து பாகலூர்ப் பேட்டைக்குள் புகுந்து அப்பீரங்கிகளைக் கொண்டு சென்றதையும் பார்த்தோம். இனி அடுத்த இருபது ஆண்டுகளைக் கடந்து, கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூரைப் பிடித்த 1791ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியதுதான் கிரமம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நின்று விசாரிக்காமல் மேலே நடக்க எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. இதுவரை எட்டுப் பகுதிகளில் எத்தனையோ முறை ‘துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது’ என்று எழுதிவிட்டோம். அந்தத் துப்பாக்கி எப்படி வெடித்தது, அதிலிருந்து புறப்பட்ட குண்டு எவ்வளவு தூரம் வரை குறி தப்பாமல் சென்றது, அதைப் பிடித்தவன் குறி பார்க்கக் கற்றிருந்தானா என்பவற்றை அறியாமல், இந்த மலைக்கோட்டைகளுள் சில ஒரே நாளில் விழுந்ததையும் சில விழ மறுத்ததையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது.

கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாயின் தோளில் இருந்தது, ஆங்கிலேயர் ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லமாக அழைத்த மஸ்கட். குழலின் வாய் முக்கால் அங்குல அகலம். அதில் இடுகிற ஈயக்குண்டோ 0.69 அங்குலந்தான், ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினால் அப்படிப்பட்ட குண்டுகள் 14 வார்க்கலாம். கும்பினி தன் சேனைகளுக்கென்று தனியாகச் செய்வித்த வகையில் குழலின் நீளம் 39 அங்குலம். அது செலவு குறைந்ததாகவும் சீக்கிரம் செய்யத்தக்கதாகவும் இருந்தபடியால், பிரான்சோடு யுத்தம் மூண்ட 1790களில் பிரிட்டிஷ் அரசாங்கமே அதைத் தன் சொந்தச் சேனைக்கும் ஏற்றுக்கொண்டது. குழலின் அடிப்பாகத்தில், வலப்புறத்தில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டின்மேல் வளைந்து நிற்கும் இரும்புக் குதிரை. குதிரையின் வாயில் தோல் துண்டு சுற்றித் திருகாணியால் இறுக்கிய சக்கிமுக்கிக் கல். அதற்கு எதிரே செங்குத்தாக நிற்கும் ஓர் எஃகுத் தகடு. தகட்டின் அடிப்பாகமே, பற்றுமருந்து இடுகிற சிறு கிண்ணத்துக்கு மூடியாகவும் அமைந்திருக்கும்.

இனி அது வெடிக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சிப்பாய் தன் தோற்பையிலிருந்து காகிதத் தோட்டா ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, கருமருந்தில் ஒரு சிட்டிகையைக் கிண்ணத்தில் கொட்டி மூடி, துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சிய மருந்தைக் குழல்வாய் வழியே பெய்து, குண்டையும் காகிதத்தையும் அதன்மேல் போட்டு, குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கோலை உருவி இடித்துக் கெட்டித்து, கோலை மீண்டும் அதன் இடத்தில் செருகி, குதிரையை முழுதும் பின்னுக்கு இழுத்துத் தோளில் வைப்பான். விசையை இழுத்தால் குதிரை முன்னால் பாயும். கல் எஃகில் உராயும். தகடு முன்னுக்குச் சாய்ந்து கிண்ணம் திறக்கும். தெறித்த பொறி பற்றுமருந்தில் விழுந்து குப்பென்று எரியும். அந்தச் சுவாலை பற்றுவாய் என்னும் ஊசித் துளை வழியே உள்ளே புகுந்து குழலில் இருக்கும் மருந்தைப் பற்றும். இவ்வளவும் நடந்த பிறகே குண்டு புறப்படும். கன்னத்துக்கு அருகே கிண்ணம் எரிவதற்கும் குழல் வெடிப்பதற்கும் இடையே உள்ள கணநேரத்தில் கண்ணைச் சிமிட்டாமல், தோளை அசைக்காமல் நின்றவனுக்கே குறி கிட்டும். முகத்தருகே எழுந்த நெருப்பைக் கண்டு இம்மியளவு பின்வாங்கினவனுடைய குண்டு ஆகாயத்துக்கோ மண்ணுக்கோ போய்ச் சேரும். சக்கிமுக்கித் துப்பாக்கியில் குறி பழகுகிறவர்களுக்கு இன்றளவும் இதுவே முதற்பாடம்.

ஆனால் கும்பினிச் சிப்பாய்க்கு அந்தப் பாடம் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. அவனுடைய துப்பாக்கியும் குறிக்கென்று அமைந்ததன்று. முக்கால் அங்குலக் குழலுக்குள் அதைவிடச் சிறிய குண்டைப் போடுவதற்குக் காரணம் உண்டு. கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். பத்து முறை சுட்ட பின்பும் குண்டு தடையின்றி இறங்க வேண்டுமானால் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியின் பயனாகக் குண்டு குழலுக்குள் இரு பக்கமும் மோதி மோதிக் கடைசியாக எந்தப் பக்கத்தில் மோதிற்றோ அதற்கு எதிர்த்திசையில் விலகிப் பறக்கும். மஸ்கட்டில் பின்குறி கிடையாது. முன்னால் இருக்கும் சிறு முளையும் துப்பாக்கிமுனை ஈட்டியை மாட்டுவதற்கென்று வைத்ததே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரஷ்யர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பட்டாளம் முழுவதையும் வரிசையாக நிறுத்தி, எதிரிப் படையின் அகலத்துக்கு ஒப்பாக 100 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள ஒரு பெரிய சீலைத் திரையைக் கட்டி, அதன்மேல் சுடச் சொன்னார்கள். 225 கஜ தூரத்தில் நூற்றுக்கு 25 குண்டுகளே திரையில் பட்டன. 150 கஜத்தில் 40. 75 கஜத்தில் 60. எதிரே புகையில்லை, எதிரி இல்லை, எதிர்க்குண்டு இல்லை. அத்தனை பெரிய திரையிலேயே இந்த நிலைமை என்றால், தனி மனிதன் ஒருவனைக் குறிவைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று நாமே ஊகிக்கலாம். 150 கஜத்துக்கு அப்பால் நிற்பவன் சாதாரண மஸ்கட்டால் காயம்படுவானானால் அவன் மகா துரதிர்ஷ்டசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்தை, அக்காலத்து ஆங்கில அதிகாரியும் தேர்ந்த வேட்டைக்காரருமான கர்னல் ஜார்ஜ் ஹாங்கர் 1814இல் எழுதிவைத்திருக்கிறார்.

ஆகையால் சேனாதிபதிகள் குறியை நம்பவில்லை, வரிசையை நம்பினார்கள். தோளோடு தோள் நெருக்கி நின்ற சிப்பாய்கள், உத்தரவு பிறந்தவுடன் ஒரே சமயத்தில் சுட்டு, ஒரு நிமிஷத்தில் இரண்டு மூன்று முறை மருந்து கெட்டித்து, எதிரி 50 கஜத்துக்குள் வரும் வரை கலையாமல் நிற்பதே வித்தை என்று கருதப்பட்டது. கட்டளை வாசகத்திலும் ‘நீட்டு, சுடு’ என்பதுதான் இருந்ததேயன்றி ‘குறி பார்’ என்பது இல்லை. தனி மனிதனுடைய கண்ணும் கையும் இந்த முறையில் ஒன்றுமில்லாமல் போயின. நூறு பேருடைய துப்பாக்கிகளும் சேர்ந்து ஒரே துப்பாக்கியாக மாறின என்று சொன்னால் தவறாகாது. கும்பினி இந்நாட்டை வென்றது அந்தத் துப்பாக்கியால்தான்.

குழலுக்குள் திருகு வரிப்பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு நேராகச் செல்லும் என்பது ஐரோப்பாவில் அப்போது தெரியாத விஷயம் அன்று. ஜெர்மானிய மலைநாட்டு வேடர்கள் அத்தகைய வரிக்குழல் துப்பாக்கிகளை வெகு காலமாகவே வைத்திருந்தார்கள்; அவர்களுள் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய கொல்லர்கள் அதையே நீண்ட மெல்லிய குழலாக்கி, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் குண்டைச் சுற்றி இறுக்கமாக இறக்கி, 200 கஜத்திலும் குறி பிசகாமல் சுட்டார்கள். ஆனால் வரிக்குழலில் குண்டை இறக்க மஸ்கட்டுக்கு ஆவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதில் முனை ஈட்டியும் பொருத்தமாக மாட்டாது. குதிரைப்படை பாய்ந்து வரும்போது நிதானமாகத் துணி சுற்றிக்கொண்டிருக்க முடியுமா? பிரிட்டிஷ் சேனை தன் படையில் ஒரு பகுதிக்கு மட்டும் ‘பேக்கர்’ வரிக்குழலைக் கொடுத்ததே 1800ஆம் ஆண்டில்தான். அதற்குள் கிருஷ்ணகிரியைச் சுற்றிய இந்தப் பாராமகால் சீமையின் யுத்தங்கள் எல்லாம் முடிந்துவிட்டன.

இனி நம்முடைய பக்கத்தைப் பார்ப்போம். பாகலூர், பேரிகை, சூளகிரி, அங்குசகிரி ஆகிய பாளையங்களின் காவல் ஆட்களும், மைசூர் சமஸ்தானத்தின் கந்தாசாரம் என்னும் ஊர்க்காவற் படையினரும், சித்திரதுர்க்கம் பக்கத்திலிருந்து ஐதர் சேர்த்த பேடர்களும் பெரும்பாலும் ஏந்தியது திரித்துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல் கிடையாது. கயிற்றுத் திரியின் நுனி கனன்றுகொண்டே இருக்கும். விசையை அழுத்தினால் திரி மெல்ல இறங்கிப் பற்றுமருந்தைத் தொடும். குழல் நீளம், இரும்பு கனம், குண்டு குழலுக்கு இசைந்த அளவு. அதைச் சுடுகிறவன் பாறைக்குப் பின்னாலோ புளியமரத்தின் கவட்டிலோ குழலைத் தாங்க வைத்து, மூச்சை அடக்கி, தான் தேர்ந்தெடுத்த ஒருவனைக் குறிவைத்துச் சுட்டான். இந்தியத் திரித்துப்பாக்கி ஐரோப்பிய மஸ்கட்டைவிட அதிக தூரம் போகிறது, அதிகச் சரியாகவும் போகிறது என்று அக்காலத்து ஐரோப்பிய அதிகாரிகள் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய இந்தியத் திரித்துப்பாக்கிகளில் குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டியவையும் உண்டு என்பதைப் பொருட்காட்சிச் சாலைகளில் காணலாம்.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘ஐரோப்பியருடைய ஆயுதம் மேலானது, நம்மவருடைய ஆயுதம் கீழானது, ஆகையால் தோற்றோம்’ என்று பாடப் புத்தகங்கள் சுருக்கமாக முடித்துவிடுகின்றன. குறி ஒன்றையே அளவுகோலாக வைத்தால் இது உண்மையன்று. பேரிகைக் காட்டில் காட்டுப்பன்றியையும் கடமானையும் சுட்டுப் பழகிய கிழவன் ஒருவனுக்கும், வருஷத்துக்கு முப்பது தோட்டாக்கூட அப்பியாசத்துக்குக் கொடுக்கப்படாத ஒரு பட்டாளத்துச் சிப்பாய்க்கும் ஒரு தேங்காயைக் கட்டிப் பந்தயம் வைத்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யுத்தம் தேங்காய்ப் பந்தயம் அல்லவே. திரியை அணையாமல் காக்க வேண்டும். மழை பெய்தால் அது செத்துப்போகும். இரவில் அதன் கனல் எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். கனலும் திரிகளோடு நெருக்கமாக வரிசை நின்றால் பக்கத்தில் நிற்பவனுடைய மருந்துப்பை பற்றிக்கொள்ளும். ஒருவன் ஒரு குண்டைச் சரியாகச் செலுத்திவிட்டு மறுகுண்டு இடிப்பதற்குள் எதிர் வரிசை மூன்று முறை வெடித்துவிடும்.

இதை நன்றாக அறிந்திருந்தவர் ஐதர். அவரைவிட நன்றாக அறிந்தவர் அவருடைய மகன் திப்பு. தம்முடைய காலாட்படையைச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மாற்றியதோடு, அதை இங்கேயே செய்துகொள்ள வேண்டும் என்று திப்பு பிடிவாதம் பிடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், பெதனூர் ஆகிய இடங்களில் ஆயுதச் சாலைகள் ஏற்பட்டன. 1788இல் பதினாறாம் லூயி மன்னனைச் சந்தித்த அவருடைய தூதுக்குழு, பிரெஞ்சுத் துருப்புகளைக் கேட்டதோடு, துப்பாக்கி செய்பவர்களையும் கடிகாரம் செய்பவர்களையும் பிற கைவினைஞர்களையும் கேட்டு வாங்கிவந்தது. துப்பாக்கிப் பூட்டும் கடிகாரமும் ஒரே வம்சத்து வேலைகள். வில்லின் விறைப்பு ஒரு நூல் அதிகமானால் கல் உடையும், ஒரு நூல் குறைந்தால் பொறி தெறிக்காது. பல்சக்கரத்தைப் போலவே பூட்டுக்குள் உள்ள கொக்கியின் வெட்டும் மயிரிழை பிசகக்கூடாது. 1980களில் அதே ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை எழுந்தபோது, எல்லைப்புறத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்களும் பெண்களும் அந்த நுண்மையைக் கையில் பிடித்துக்கொண்ட வேகத்தை நினைத்தால், தேடிய வித்தைக்கு ஏற்ற கைகள் திப்புவுக்கு இந்தப் பக்கத்திலேயே இருந்தன என்று தோன்றுகிறது.

திப்புவின் சொந்த உபயோகத்துக்கென்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்று இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் அரும்பொருட்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. குதிரை புலித்தலை வடிவம். குழலில் புலிவரி வேலைப்பாடு. நபிகள் நாயகம் பிறந்த காலத்திலிருந்து கணக்கிட்ட மௌலூதி ஆண்டு, திப்புவின் புதிய முறைப்படி எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். படைவீரருக்காக சைனுல் ஆபிதீன் ஷுஸ்தரி என்பவரைக் கொண்டு ‘பத்ஹுல் முஜாஹிதீன்’ என்னும் போர்ப்பயிற்சி நூலையும் திப்பு எழுதுவித்தார். ஆங்கிலேய, பிரெஞ்சுக் கட்டளைகளுக்குப் பதிலாகப் பாரசீகக் கட்டளைகளை வைத்து, வரிசையாக நிற்பதையும் சேர்ந்து சுடுவதையும் தம் சேனைக்குரிய வித்தையாக்கினார். எதிரியின் முறையை எதிரியின் மொழி இல்லாமலே கற்க முயன்ற அந்த உறுதி என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

துப்பாக்கி இருந்தால் போதாது. அதற்குத் தீனி வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. உவர் மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட உப்பிலியர் தமிழ்நாடெங்கும் இருந்தனர். கரிக்குத் துவரை மிலாறு சிறந்தது. சீக்கிரம் பற்றும், சாம்பல் குறைவாக நிற்கும். கொல்லையில் துவரை விளையாத ஊர் இந்தப் பக்கத்தில் ஏது? கந்தகம் மட்டும் கடல் கடந்து வர வேண்டும். கும்பினிக்குச் சக்கிமுக்கிக் கல்லும் அப்படித்தான். இங்கிலாந்தில் சபோக் பகுதியில் உள்ள பிராண்டன் என்னும் ஊரில், பரம்பரையாகக் கல் உடைப்பவர்கள் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து கரிய கற்களை எடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சதுரச் சில்லுகளாக்கிக் கப்பலேற்றினார்கள். ஒரு கல் இருபது முப்பது வெடிக்கு மேல் தாங்காது. மழுங்கிய கல்லோடு நிற்பவன் கோலோடு நிற்பவனே.

இப்போது 1791க்கு வருவோம். மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ், மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்று, உணவும் மாடும் இல்லாமல் திரும்பிவந்தார். கர்நாடகம் என்று அப்போது சொல்லப்பட்ட கிழக்குச் சமவெளியிலிருந்து மேட்டுநிலத்துக்குத் தானியமும் தளவாடமும் ஏறிவர வேண்டிய வழி ஓசூர், இராயக்கோட்டைக் கணவாய்கள்தாம். ஜூலையில் மேஜர் கௌடி முன்னால் சென்றதும், மைசூர்க் காவற்படை ஓசூரைக் காலி செய்துவிட்டது. கீழ்க்கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்ட பிறகு இராயக்கோட்டையும் பணிந்தது. கிருஷ்ணகிரி மட்டும் மீந்தது. கர்னல் மாக்ஸ்வெல் பெண்ணாகரத்தைப் பிடித்துவிட்டு நவம்பரில் கிருஷ்ணகிரிமேல் திரும்பினார். பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. தப்பியோடிய காவலர்களின் பின்னாலேயே துரத்திக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று ஆங்கிலேயர் நம்பினர்.

இன்று சையத் பாஷா மலை என்று நாம் சொல்லும் அந்த மலையின் அடியில் நின்று மேலே பார்த்தவர்களுக்கு, அந்த நம்பிக்கை எவ்வளவு அவசரமானது என்பது தெரியும். செங்குத்தான ஒரே பாறை. அதன் தோளில் ஒட்டிய குறுகிய படிவழி. தோளோடு தோள் நிற்க அங்கே இடமில்லை. வரிசை இல்லாத மஸ்கட் வெறும் இரும்புக் குழல். அண்ணாந்து சுடுகிறவனுக்குப் பற்றுமருந்து கிண்ணத்திலிருந்து சரியும்; குறி என்பதோ தொடக்கத்திலேயே இல்லை. மேலே இருந்தவர்கள் வாயிலை அடைத்துக்கொண்டு, பாறாங்கற்களை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, ஏணி தூக்கியவர்கள் நசுங்கினார்கள். பெருஞ்சேதத்துக்குப் பிறகு மாக்ஸ்வெல் பின்வாங்கினார். 1767இலும் இதே கோட்டைமேல் ஏற முயன்று முடியாமல், மாதக்கணக்கில் முற்றுகையிட்டே 1768 மே மாதத்தில் ஆங்கிலேயர் அதைப் பெற்றிருந்தனர் என்பதை முன்னமே எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் கிருஷ்ணகிரி ஆயுதத்துக்கு விழவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கைமாறியபோது, காகிதத்தில் இட்ட கையெழுத்தாலேயே அந்த மலை கும்பினிக்குச் சேர்ந்தது.

கடைசி யுத்தத்துக்கும் இந்த நிலமே வாசலாயிற்று. 1799 மார்ச் 5ஆம் தேதி ஆங்கிலச் சேனாதிபதி ஜெனரல் ஹாரிஸ் மைசூர் எல்லைக்குள் கால்வைத்து, நீலதுர்க்கம், அஞ்செட்டிதுர்க்கம் போன்ற சிறு கோட்டைகளை எடுத்துக்கொண்டு, ஐதராபாத் நிஜாமின் படையோடு சேர்ந்து கெலமங்கலத்தை அடைந்தார். இன்று லாரிகள் இடைவிடாமல் போய்வரும் அந்தச் சாலையோரத்தில், அப்போது ஆயிரமாயிரம் பொதிமாடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றிருக்கும். அந்தச் சேனை மளவள்ளியில் திப்புவின் காலாட்படையைச் சந்தித்தபோது, ஆங்கிலேயரின் 33ஆம் ரெஜிமென்ட் சுமார் 60 கஜம் வரை எதிரியை வரவிட்டே சுட்டு முறியடித்தது. சேர்ந்து சுடும் வித்தை அங்கே தன் முழுப் பலனைத் தந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி இரவில் சுல்தான்பேட்டைத் தோப்பிலோ அது ஒன்றுக்கும் உதவவில்லை. இருட்டில் மரங்களுக்கிடையே வரிசை குலைந்தது. வாணங்களும் குண்டுகளும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல், பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகப் போகும் கர்னல் வெல்லெஸ்லி வழிதவறித் திரும்பினார். வேகம் தணிந்த குண்டு ஒன்று அவருடைய முழங்காலில் பட்டது. இன்னும் ஐம்பது கஜம் கிட்டத்திலிருந்து அது வந்திருந்தால் வாட்டர்லூவின் சரித்திரம் வேறு ஒருவரால் எழுதப்பட்டிருக்கும்.

அதன்பிறகு நடந்ததைச் சுருங்கச் சொன்னால் போதும். 1801 டிசம்பர் முதல் தேதிப் பிரகடனத்தால் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் தடுக்கப்பட்டது. 1840ஐ ஒட்டிச் சக்கிமுக்கிக் கல் போய்த் தொப்பி வெடி வந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடெங்கும் துப்பாக்கியை உரிமச்சீட்டுக்குள் அடக்கிற்று. ஆனால் குடகர் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றனர். அவ்விலக்கு இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் கைல்போது திருநாளன்று ஆயுதங்களுக்குப் பூவைத்துப் பூசை செய்த பின், உயர்ந்த மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறி சுடுவது அவர்களுக்குக் குலவழக்கம். ஓசூரிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்திலேயே, குறி என்னும் கலை ஒரு சமூகத்தின் கௌரவமாக இவ்வாறு பிழைத்திருக்கிறது. உலகத்தின் மற்றப் பகுதிகளிலும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்றே சர்வதேசப் போட்டிகள் நடக்கின்றன. சக்கிமுக்கி மஸ்கட்டுக்கு நின்றபடி 50 மீட்டரில் ஒரு போட்டி. திரித்துப்பாக்கிக்குத் தனியாக ஒன்று. திரித்துப்பாக்கிப் போட்டிக்கு, 1543இல் போர்த்துக்கேயர் துப்பாக்கியைக் கொண்டுபோய் இறக்கிய ஜப்பானியத் தீவின் பெயரால் ‘தானேகஷிமா’ என்று பெயர். அரைமணி நேரத்தில் 13 குண்டுகள். அவற்றுள் சிறந்த 10 மட்டுமே கணக்கு. சேனாதிபதிகள் வேண்டாம் என்று தள்ளிய தனிமனிதக் குறியை, யுத்தம் கைவிட்ட ஆயுதத்திலிருந்தே மனிதர்கள் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது.

நம் பக்கத்திலோ அந்த ஆயுதத்தின் கதை துக்ககரமாகத் திரும்பிவிட்டது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டிய ஊர்களில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் கூரைக்குள்ளும் புதருக்குள்ளும் மறைந்து கிடக்கின்றன. பயிரைக் காக்கவென்று தொடங்கியது, மானையும் பன்றியையும் வேட்டையாடுவதில் முடிகிறது. பழுதான குழல் வெடித்துச் சுட்டவனுடைய கையே போன சம்பவங்களும் உண்டு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அமைந்த பிறகு, வனத்துறையும் காவல் துறையும் ஊர் ஊராகச் சென்று, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சொல்லிப் பல துப்பாக்கிகளைப் பெற்றிருக்கின்றன. இது சரியான காரியம். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடக்கும் துருப்பிடித்த துப்பாக்கிப் பூட்டு, சதுரமாக உடைத்த சக்கிமுக்கிக் கல் சில்லு, உழவில் அகப்பட்ட ஈயக்குண்டு, பாளையக் காவலாட்களின் சம்பளக் கணக்கு எழுதிய பழைய ஏடு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடவோ பிள்ளைகள் விளையாடக் கொடுக்கவோ வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். முழுத் துப்பாக்கியாக இருந்தால் முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.